இடப்பக்கத்து இருக்கை

ட்டொக். ஸ்ஸ்ஸ். ட்டொக்.

ஷெட்டுக்குப் பின்னாலிருந்து அந்தச் சத்தம் வந்தபோது வையாபுரி ஒரு ஜீப்பின் ஸ்பார்க் பிளக்குகளைக் கம்பிப் பிரஷால் தேய்த்துக்கொண்டிருந்தார். நாலில் மூன்று முடிந்திருந்தது. இளைப்பு நோய்க்காரர் படியேறுகிற மாதிரி இருந்தது சத்தம். திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. அவருடைய காரின் வைப்பர்தான். யாரோ வண்டியை ஸ்டார்ட் செய்து ஓட விட்டிருக்கிறார்கள்.

யாரோ என்ன, எமல்டாதான்.

ஏற்காட்டில் பழைய வண்டிகளின் வயிற்றைத் திறக்கத் தெரிந்தவள் எமல்டா. வயது முப்பத்தெட்டு. அவளிடம் தொழில் கற்க வந்த வையாபுரிக்கு அறுபத்தொன்று. இருபத்தெட்டு வருஷம் சேலம் மலைப்பாதையில் பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்ற மறுவாரமே ஷெட் வாசலில் வந்து நின்று, “ஓட்டத் தெரியும், உள்ளே என்ன இருக்குன்னு தெரியாது. சொல்லிக் குடுங்க” என்றார். அன்றிலிருந்து அவளை மேஸ்திரி என்றுதான் கூப்பிடுகிறார். டீக்கடையில் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

இரண்டு வருஷம் பாடுபட்டு இருவரும் இந்தப் பச்சைக் காரை ஓட வைத்தார்கள். ஐம்பத்து நாலாம் வருஷத்து வண்டி. எதற்காக என்பதில் ரகசியம் ஒன்றும் இல்லை. அவர் மனைவி செண்பகவல்லி புதன்கிழமைதோறும் சேலத்துக்குப் போவாள். அங்கே அவளுடைய அக்கா படுத்த படுக்கையாக இருக்கிறாள். போக வர பஸ்தான், பாதி நாள் நின்றுகொண்டே. “ஊரையெல்லாம் ஏத்திட்டுப் போனேன் மேஸ்திரி. அவளைப் பக்கத்துல உக்கார வெச்சு ஒருநாள் கூட்டிட்டுப் போனதில்லை” என்பார்.

ஒரே ஒரு புதன்கிழமை அவள் காரில் போனாள். திரும்பி ஏறும்போது மழை பிடித்துக்கொண்டது. பதினோராவது வளைவில் நிறுத்தச் சொல்லி இறங்கினாள். நனைந்துகொண்டே நின்று பின்னால் வந்த பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

ஐந்து வாரம் ஆகிறது. சமைக்கிறாள், பேசுகிறாள், அவர் குளிக்க வெந்நீர் வைக்கிறாள். காரைப் பற்றி மட்டும் பேச்சே இல்லை. இன்றும் எட்டரை பஸ்ஸுக்குக் கிளம்பிப் போனாள். ஐந்தேகால் பஸ்ஸில்தான் திரும்புவாள்.

எமல்டா இஞ்சினை அணைத்துவிட்டு உள்ளே வந்தாள். வையாபுரி பிரஷைக் கீழே வைத்தார். பெஞ்சின் மேல் ஒரு அட்டைப்பெட்டி இருந்தது. அதற்குள் புது வைப்பர் மோட்டார்.

“மேஸ்திரி, ஒரு முடிவு சொல்லிடுங்க. கரண்டு வைப்பரை மாட்டறதா, இந்த வேக்கம் வைப்பரையே வெச்சுக்கறதா?”

“இதோட நாலாவது தரம் கேக்கறீங்கண்ணா.”

“நீங்க ஒரு தரம்கூட பதில் சொல்லலையே.”

“வேக்கத்துல என்ன குறை?”

“தெரிஞ்சுக்கிட்டே கேக்கறீங்க. இஞ்சின் காத்தை உறிஞ்சுது பாருங்க, அந்த இழுவையிலதான் அது ஓடுது. மேட்டுல ஆக்சிலேட்டரை அழுத்தினா இழுவை போயிடுது. வைப்பர் கண்ணாடி நடுவுல தூங்கிடுது. காலை எடுத்தாத்தான் மறுபடி முழிக்கும். கரண்டுன்னா மேடோ பள்ளமோ, அது பாட்டுக்கு ஓடும்.”

“அப்ப கரண்டையே மாட்டுங்க.”

“பழைய கார் வெச்சிருக்கறவங்க கூட்டத்துல கேட்டேன். உள்ளதைக் கழட்டினா அப்புறம் அது அந்த வண்டியே இல்லைங்கறாங்க. சாமி சிலைக்கு வேற மூக்கு வெக்கற மாதிரியாம்.”

“அண்ணி என்ன சொல்றாங்க?”

“அவளுக்கு வைப்பரைப் பத்தி என்ன தெரியும்?”

எமல்டா விரலிடுக்கில் இருந்த கிரீஸைத் துணியில் துடைத்தாள். நிதானமாக, ஒவ்வொரு விரலாக.

“அன்னிக்கு வைப்பர் நின்னுச்சில்ல. நீங்க என்ன பண்ணீங்க?”

“என்ன பண்றது? காலை எடுத்தா வண்டி திணறும். அழுத்தித்தான் பிடிச்சேன். பத்து எண்ணறதுக்குள்ள வளைவு வந்துடும், அங்க எப்படியும் காலை எடுக்கணும். அந்த ரோடு எனக்கு மனப்பாடம் மேஸ்திரி. கண்ணைக் கட்டி விட்டாலும் ஏத்திடுவேன்.”

“அவங்க ஒண்ணும் சொல்லலையா?”

“காலை எடுங்க, காலை எடுங்கன்னா. பொம்பளைங்க பயம்.” சொன்ன பிறகுதான் எதிரில் நிற்பது யார் என்று உறைத்தது. “உங்களைச் சொல்லலை.”

“சரி சரி. எஸ்டேட்டுக்கு ஜெனரேட்டர் பெல்ட் குடுக்கணும். வாங்க, உங்க வண்டியிலயே போயிட்டு வந்துடலாம்.”

பழக்கத்தில் அவர் வலப்பக்கக் கதவுக்குப் போனார். எமல்டா ஏற்கெனவே ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள்.

“அந்தப் பக்கம் ஏறுங்கண்ணா.”

இரண்டு வருஷத்தில் அவர் அந்தப் பக்கம் உட்கார்ந்ததே இல்லை. காலடியில் ரப்பர் மேட் முன்பக்கமாகச் சுருண்டு மடிந்து கிடந்தது. ஏன் இப்படி என்று யோசிக்காமல் காலாலேயே நீவிச் சரி செய்தார். கைக்கு ஒரு வேலையும் இல்லை. மடியில் வைத்துக்கொண்டார்.

எஸ்டேட் பாதையில் பஸ் போவதில்லை. காப்பிச் செடிகளுக்கு நடுவே ஒரு வண்டி மட்டும் போகிற அகலம். வாரத்துக்கு இரண்டு தரமாவது எமல்டா போய் வருகிற வழி. வையாபுரிக்குப் புதிது. எஸ்டேட் கேட்டைத் தாண்டியதும் தூறல் மழையாக வலுத்தது.

ட்டொக். ஸ்ஸ்ஸ். ட்டொக்.

மேடு தொடங்கியது. எமல்டா ஆக்சிலேட்டரை அழுத்தினாள். வைப்பர் பாதி தூரம் வந்து, யோசித்து, அங்கேயே நின்றது.

கண்ணாடி முழுக்கத் தண்ணீர். அதற்கு அந்தப் பக்கம் பச்சையாக ஏதோ கரைந்து ஓடியது. அது செடியா, சரிவா, எதிரே வருகிற டிராக்டரா, ஒன்றும் புரியவில்லை. வண்டி மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது.

“மேஸ்திரி, வைப்பர் நின்னுடுச்சு.”

“ஆமாங்கண்ணா.”

“வளைவு வருமா?”

“வரும். இந்த ரோடு எனக்கு மனப்பாடம்.”

அவள் குரலில் கிண்டல் இல்லை. தெரிந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். அவர் கதவின் கைப்பிடியைத் தேடினார். இஞ்சின் உறுமல் ஏறியது. வண்டி எந்தப் பக்கம் சாய்கிறது என்றுகூடத் தெரியவில்லை.

“காலை எடும்மா.”

எமல்டா உடனே எடுத்தாள். வண்டி கொஞ்சம் திணறியது. வைப்பர் விழித்துக்கொண்டு சரசரவென்று இரண்டு தரம் ஓடியது.

முன்னால் ஒன்றும் இல்லை. நனைந்த பாதை, இரண்டு பக்கமும் காப்பிச் செடி, தூரத்தில் ஒரு சில்வர் ஓக் மரம். ஒன்றும் இல்லை என்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

அதற்கப்புறம் மேடு முழுக்க அவள் அப்படியே ஓட்டினாள். கொஞ்சம் அழுத்துவாள், கொஞ்சம் எடுப்பாள். வண்டி மெதுவாகத்தான் போனது. பெல்ட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது அவளாகவே சொன்னாள்:

“இந்த வழியில நான் அழுத்தித்தான் ஓட்டுவேன். பக்கத்துல யாரும் உக்கார்றதில்லை. அதனால இது வரைக்கும் யாரும் சொன்னதில்லை.”



ஷெட் வந்தது. இறங்குவதற்காக வையாபுரி காலை நகர்த்தியபோது கீழே பார்த்தார். அவர் நீவி விட்ட ரப்பர் மேட் முன்பக்கமாகச் சுருண்டு மடிந்து கிடந்தது. ஏறும்போது எப்படிக் கிடந்ததோ அப்படியே. இல்லாத பிரேக்கை இரண்டு காலாலும் மிதித்திருக்கிறார்.

குனிந்து அதைக் கையால் நீவினார்.

“மூணு தரம் சொன்னா அவ,” என்றார். “மூணாவது தரம் சொல்லும்போது அழுதுட்டிருந்தா. மழைச் சத்தம்னு நினைச்சுக்கிட்டேன்.”



உள்ளே போய் இருவரும் தலையைத் துவட்டிக்கொண்டார்கள். பெஞ்சின் மேல் அட்டைப்பெட்டி அதே இடத்தில் இருந்தது. வையாபுரி அதைத் திறந்து பார்த்தார். மூடினார். வெளியே நிற்கும் காரைப் பார்த்தார்.

“இப்பவாவது சொல்லுங்க மேஸ்திரி. கரண்டா, வேக்கமா?”

எமல்டா ஜீப்பின் பானெட்டைத் தூக்கி முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். திரும்பாமலே கேட்டாள்:

“எந்தப் பக்கம் உக்காந்துக்கிட்டு கேக்கறீங்கண்ணா?”

வையாபுரி பெட்டியைக் கையால் ஓரமாக நகர்த்தி வைத்தார்.

சுவர்க் கடிகாரத்தில் மணி நாலரை. செண்பகவல்லியின் பஸ் வர இன்னும் முக்கால் மணி நேரம். பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தே போய்விடலாம், குடை இருக்கிறது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நாலாவது பிளக்கில் கரி அப்படியே இருந்தது. பிரஷை எடுத்துத் தேய்க்கத் தொடங்கினார்.