மல்லாந்து விழுந்த வண்டுகள்

கோத்தகிரி பஸ்ஸில், உருளைக்கிழங்கு மூட்டையை மடியோடு அணைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்த லூர்தம்மாள் எனக்கு இதைச் சொன்னாள். அப்போது என் மூத்தவள் வயிற்றில் இருந்தாள்.

மலைக்காட்டுச் சரிவில் சிலுப்பி என்கிற முள்ளம்பன்றி உருளைக்கிழங்கு போட்டிருந்தது. மழைக்காலம் முழுக்க அதன் குட்டிகளுக்கு அந்தக் கிழங்குதான் சாப்பாடு. செடி பூ வைக்கிற நேரத்தில் புள்ளி வண்டுகள் வந்து இறங்கின. இலையெல்லாம் சல்லடை ஆனது. இலை போனால் மண்ணுக்குள் கிழங்கு பருக்காது. ஆண்டவரே, குட்டிகளுக்கு என்ன வழி என்று சிலுப்பி தவித்தது.

கீழ்நாட்டுக்குப் போய்வரும் மைனா வேப்பங்கொட்டை கொண்டுவந்து கொடுத்தது. இடித்து, ராத்திரி முழுக்க ஊறவைத்து, வடிகட்டி, வெயில் தாழ்ந்ததும் தெளிக்கச் சொன்னது. இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தது. அவசரத்தில் சிலுப்பி கேட்க நிற்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் சிலுப்பி ஒரு புல்லுக்கட்டைக் கரைசலில் முக்கிச் செடிமேல் ஓர் உதறு உதறியது. அவ்வளவுதான். வண்டுகள் காலை மடக்கிக்கொண்டு பொத்துப் பொத்தென்று மல்லாந்து விழுந்தன.

வண்டுத் தலைவன் புள்ளியன் மட்டும் சாகப்போகிற குரலில் முனகியது. "எங்க குலமே போச்சு அத்தை. செத்தவங்க மேல இன்னும் எதுக்குத் தண்ணி? போய்ப் பிள்ளைங்களைப் பாரு."

சிலுப்பிக்கு மனசு இளகியது. பாதிக் குடம் கரைசல் மிச்சம் இருக்கும்போதே நிறுத்திவிட்டுப் போனது.

விடிந்து பார்த்தால் செடிக்குச் செடி குருத்தும் நாலைந்து இலையும்தான் மிச்சம். மண்ணில் ஒரு பிணம்கூட இல்லை.

மைனா தலையில் அடித்துக்கொண்டது. "வேப்பங்கொட்டைத் தண்ணி பட்ட உடனே யாரும் சாகமாட்டாங்க அக்கா. வாய் கசந்து தின்ன முடியாம போகும். பட்டதும் செத்தவன் நடிக்கிறவன். இலைக்கு அடியில பார்த்தியா?"

சிலுப்பி ஓர் இலையைப் புரட்டியது. அடியில் வண்டுக் குஞ்சுகளான மஞ்சள் புழுக்கள் கூட்டமாக மேய்ந்துகொண்டிருந்தன. நடுவில் புள்ளியன்!

நல்லவேளை, கரைசலின் வீரியத்தைக் கெடுக்கும் வெயிலை மூடுபனி மறைத்திருந்தது. சிலுப்பி பாதிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தது. வண்டுகள் மறுபடியும் பொத்தென்று விழுந்தன.

"செத்துட்டோம் அத்தை."

"சாவுங்க. நான் பாட்டுக்குத் தெளிக்கிறேன்."

செடிக்கு அடியில் தவழ்ந்து, அண்ணாந்து, ஒவ்வோர் இலையின் அடிப்பக்கத்தையும் நனைத்தது. கசப்புத் தண்ணீர் கண்ணில் வழிந்தது. கையை நிறுத்தவில்லை.

செத்த வண்டுகள் மெல்ல எழுந்து இலைக்கு வந்தன. கடித்தன. துப்பின. பொழுது சாயும்வரை பட்டினி கிடந்து பார்த்துவிட்டு, புள்ளியனும் கூட்டமும் அடுத்த மலைக்குப் பறந்தன. புழுக்கள் வாடி உதிர்ந்தன.

குருத்து தழைத்தது. அந்த வருஷம் கிழங்கு சின்னதுதான். ஆனாலும் குட்டிகள் பட்டினி கிடக்கவில்லை.

கெடுதல் ஒழிந்துவிட்டதாகக் கண்ணுக்குத் தெரிந்தாலும், எடுத்த காரியத்தைப் பாதியில் விடக் கூடாது.

இந்தப் புள்ளி வண்டு கத்தரியையும் விடாது; உங்கள் வீட்டில் கத்தரிச் செடி இருந்தால், போனதும் ஓர் இலையைப் புரட்டிப் பாருங்கள்.