தட்டை நட்டுக்கு ஒரு கையெழுத்து

மேட்டுப்பாளையத்தில், ஊட்டி மலை ஏறும் சாலையோரம் பஞ்சர் கடை வைத்திருந்தவள் செங்கமலம். ஒருநாள் காலை அங்கே ஒரு பழைய வீட்டு வண்டி வந்து நின்றது. உள்ளேயே கட்டில், அடுப்பு எல்லாம் உண்டு. ஓட்டி வந்தவர் வேதமூர்த்தி. தனக்குத் தெரியாத வண்டியே உலகத்தில் இல்லை என்று நம்புகிறவர். உள்ளே மனைவியும் இரண்டு பேத்திகளும் இருந்தார்கள்.

"சக்கரத்துல இருக்கற துரு நட்டைக் கழற்றிட்டு இதை மாட்டு" என்று பளபளக்கும் புது நட்டுகளை நீட்டினார்.

செங்கமலம் ஒன்றை வைத்துப் பார்த்தாள். "திருகு மரை சேருதுங்க ஐயா. ஆனா சக்கரத்து ஓட்டை புனல் மாதிரி சரிஞ்சிருக்குது, இந்த நட்டோட அடி தட்டையா இருக்குது. சரியா உக்காராதுங்க. மலையில ஆடி ஆடிக் கழண்டுரும். பழசு கூம்பு நட்டு, அதுதான் பொருந்தும்."

"பஞ்சர் ஒட்டுறவ எனக்குப் பாடம் நடத்துறியா? சக்கரம் கழலாதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டு இதையே மாட்டு!"

அவள் காலண்டர் தாளைக் கிழித்து எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அவர் மனைவிக்குக் கேட்கும்படி உரக்கப் படித்தார்: "இந்த நட்டு மாட்டினால் சக்கரம் கழலாது, வண்டி இங்கேயே நிற்கும்வரை. இப்படிக்கு, செங்கமலம்."

அடுத்த நிமிஷம் மனைவி பேத்திகளோடு இறங்கிவிட்டாள். "நீங்க ஓட்டிட்டு வாங்க. நாங்க பஸ்ஸுல வர்றோம்."

வேதமூர்த்தி தனியாக மலையை அண்ணாந்து பார்த்தார். "சரி, பழசே இருக்கட்டும்" என்று முனகினார்.

சாயங்காலம் ஊட்டி விடுதியில் கூம்பு நட்டின் அருமையை மேனேஜருக்கு ஒரு மணி நேரம் விளக்கினார்.

"செங்கமலம் சொன்னதுதானே?" என்றாள் மனைவி.

"யாரது?" என்றார் வேதமூர்த்தி.