பாதிக் கூடும் நூறு ஆகாவும்

ஏரிக்கரை ஈச்சமரத்தில் மஞ்சமுடி என்ற ஆண் தூக்கணாங்குருவி கூடு பின்னிக்கொண்டிருந்தான். அவன் இனத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆண்தான் கூடு கட்ட வேண்டும். பாதி கட்டியதும் பெண் வந்து இழுத்துப் பார்ப்பாள். பிடித்தால் தங்குவாள், இல்லாவிட்டால் அடுத்த மரத்துக்குப் போய்விடுவாள். மழை இறங்குவதற்குள் கூடு அமையவில்லை என்றால் அந்த வருஷம் குடும்பமும் இல்லை, குஞ்சும் இல்லை.

மஞ்சமுடி வேலையில் கெட்டிக்காரன்தான். அவனைக் கெடுத்தது அக்கரை ஆலமரம்.

அங்கே விடிந்தால் போதும், ஊர்ப் பறவையெல்லாம் கூடிவிடும். மைனா ஒரு சிவப்புக் காகிதத்தைக் கொண்டுவந்து காட்டினால் எல்லாரும் “ஆகா” என்பார்கள். கொக்கு வெள்ளையா அழுக்கா என்று காலையில் தொடங்கும் சண்டை சாயங்காலம் வரை நடக்கும். யாருக்கு எத்தனை ஆகா என்று உரக்கச் சொல்வது கிளியக்காவின் வேலை.

ஒருநாள் மஞ்சமுடி நீளமான நாணல் இழை ஒன்றைக் கொண்டுபோய்க் காட்டினான். பன்னிரண்டு ஆகா விழுந்தது. அவ்வளவுதான், ஆள் கவிழ்ந்துவிட்டான். அதற்குப் பிறகு ஒவ்வொரு இழையும் ஆலமரத்துக்குப் போய்விட்டுத்தான் கூட்டுக்கு வந்தது. இழையைப் பச்சையாக இருக்கும்போதே முடிய வேண்டும், காய்ந்தால் பட்டென்று ஒடியும் என்பது அவனுக்குத் தெரியாதா என்ன? ‘ஒரு எட்டு போய்விட்டு வந்துவிடலாம்’ என்றுதான் கிளம்புவான். திரும்பும்போது வாயில் வைக்கோல்தான் இருக்கும். அதையே செருகிவைப்பான்.

செந்தாழை என்ற பெண்குருவி ஒருநாள் கூட்டைப் பார்க்க வந்தாள். அலகால் ஓர் இழுப்பு இழுத்தாள். பத்து இழை அலகோடு வந்துவிட்டது.

“ஒரு பக்கம் பச்சை, ஒரு பக்கம் சருகு. எத்தனை நாளா கட்டுறீங்க?”

“இருபது நாளா. ஆனா ஆலமரத்துல இதுக்கு நூறு ஆகா வந்திருக்கு, தெரியுமா?”

“அப்படியா? என் முட்டையை அந்த ஆகாவுலயா வைக்கிறது?”

பறந்துவிட்டாள். மஞ்சமுடிக்கு நெஞ்சு எரிந்தது. நேரே ஆலமரத்துக்குப் போய் நடந்ததைச் சொல்லி அழுதான். நாற்பது வாய் ஒன்றாக “அடடா” என்றது. கொஞ்சம் இதமாகத்தான் இருந்தது. அதற்குள் மயில் ஒரு தோகை உதிர்த்தது. நாற்பது தலையும் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. தோகையை மறைக்கிறாய், சற்றுத் தள்ளி உட்கார் என்று காகம் அவனிடமே சொன்னது.

மறுநாள் காலை பழைய கூட்டை அவனே அறுத்துவிட்டான். இருபது நாள் உழைப்பு தொப்பென்று தண்ணீரில் விழுந்தது. மழை வரும்வரை ஆலமரத்துப் பக்கம் போவதில்லை என்று முடிவு செய்து புதிதாகத் தொடங்கினான்.

முதல் நாள் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஒரு முடிச்சு போட்டதும் கழுத்து தானாக அக்கரைக்குத் திரும்பும். அங்கே சிரிப்புச் சத்தம் கேட்டால் சிறகு துடிக்கும். இந்த ஓர் இழையை முடித்துவிட்டுப் போகலாம் என்று தன்னையே ஏமாற்றிக்கொள்வான். அது முடிந்தால் அடுத்த இழை. மூன்றாம் நாள் கழுத்து திரும்புவது குறைந்தது. நான்காம் நாள், எப்போதும் நழுவும் ஒரு முடிச்சை அடிவழியாக ஒரு சுற்று சுற்றினால் இறுகுகிறது என்று கண்டுபிடித்தான். யாரிடமும் சொல்லத் தோன்றவில்லை. தனக்குத்தானே ஒரு குதி குதித்துக்கொண்டான்.

ஐந்தாம் நாள் கிளியக்கா தேடி வந்தாள்.

“என்னப்பா, ஆளையே காணோம்? எவ்வளவு நடந்துபோச்சு தெரியுமா!”

“என்ன நடந்துச்சு, கிளியக்கா?”

கிளியக்கா வாயைத் திறந்தாள். யோசித்தாள். ஒற்றைக் காலால் தலையைச் சொறிந்தாள்.

“நிறைய…” என்று சொல்லிவிட்டுப் பறந்துபோனாள்.

ஒன்பதாம் நாள் மேகம் கறுத்தது. மற்ற மரங்களையெல்லாம் பார்த்துவிட்டுச் செந்தாழை திரும்பி வந்தாள். கூட்டை இழுத்தாள். தொங்கினாள். ஊஞ்சலாடியும் பார்த்தாள். ஓர் இழைகூட அசையவில்லை. உள்ளே போனவள் வெகுநேரம் வரவில்லை. மஞ்சமுடிக்குக் கிளையில் கால் நிற்கவில்லை.

கடைசியில் தலையை மட்டும் நீட்டினாள்.

“வாசலை இன்னும் கொஞ்சம் நீட்டிக் கட்டுங்க. மழை வருது.”

ஓர் ஆகாகூட அவள் சொல்லவில்லை. மஞ்சமுடி சந்தோஷம் தாங்காமல் பச்சை நாணல் கிழிக்கப் பறந்தான்.

ஊரார் ஆகாவுக்காக நாமும் கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தால் கையிலுள்ள வேலை காய்ந்துபோகும். கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு வேலையில் மனம் வைத்தால்தான் நம் கூடு முழுதாகும்.