தரையில் வைத்த பை

“ஒரே ஒரு வாசகம் கொடுங்க, ஆசானே. மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்.”

சுதர்சனம் மடிக்கணினியைத் திறந்துவைத்துக்கொண்டு கேட்டார்.

ஆசான் என்றதும் தாடியையும் காவியையும் தேட வேண்டாம். திண்டுக்கல்லில் ஒரு டயர் கடைக்கு மேலே இருக்கிறது சமவாசல் உரிமை மன்றம். அங்கே மனு எழுதும் விண்ணரசிக்கு வயது முப்பத்தொன்று. எல்லோருக்கும் எழுதக் கற்றுக்கொடுத்தவர் என்பதால் ஆசான் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

சுதர்சனத்துக்கு ஐம்பத்து நாலு. சென்னையில் விளம்பரத் தொழில். சோப்பு முதல் சொகுசு வீடு வரை அவர் வாசகம் எழுதாத பொருள் இல்லை. மன்றத்தின் இணையதளத்தை மூன்று வருடம் முன்பு இலவசமாகச் செய்துகொடுத்தவரும் அவர்தான். அதற்கு ஒரு விருதும் வாங்கினார். இப்போது அதைப் புதுப்பிக்க வந்திருக்கிறார்.

“ஆயிரக்கணக்குல வந்து பார்க்கறாங்க. மனு கொடுக்கறவங்க மட்டும் விரல்விட்டு எண்ணுற அளவு. முகப்புல ஒரு பொறி வேணும். ‘குரலற்றோரின் குரல்.’ எப்படி இருக்கு?”

விண்ணரசி கோப்பு ஒன்றை எடுத்து நீட்டினார்.

இணையதளம் வழியாக வந்த மனு. திரையில் வரும் புகார்ப் பட்டியலில் ஒன்றைத் தொட்டால் மனு தானாகவே தயாராகிவிடும். சுதர்சனத்தின் ஏற்பாடு அது.

“‘பொது வளப் பயன்பாட்டில் பாகுபாடு காட்டி எனது மாண்பு மீறப்பட்டுள்ளது.’ அட, நம்ம வரி!”

பள்ளி மேடையில் தன் பிள்ளையைப் பார்த்தவர்போல மலர்ந்துபோனார்.

“அடுத்த பக்கம் பாருங்க, சார்.”

அதிகாரியின் குறிப்பு. ‘இவ்வாறு தான் கூறவில்லை என்று மனுதாரரே தெரிவித்ததால் விசாரணை முடிக்கப்படுகிறது.’

“ஏன் மாத்திச் சொன்னாங்க? பயந்துட்டாங்களா?”

“வெளியதான் இருக்காங்க. நீங்களே கேளுங்க.”

பஞ்சவர்ணம் உள்ளே வந்தார். கையில் ஒரு துணிப்பை. வந்ததும் அதைக் காலடியில், தரையில் வைத்தார்.

“பயமெல்லாம் இல்ல சார். பிரவுசிங் சென்டர்ல ஒரு தம்பி எதையோ அமுக்குச்சு, தாளு வந்துச்சு. அதிகாரி அதை வாசிச்சுட்டு, இது நீ சொன்னதாம்மான்னு கேட்டாரு. அதுல ஒரு வார்த்தைகூட எனக்குப் புரியல. இல்லைங்கய்யான்னேன். பொய் சொல்ல முடியுமா?”

சுதர்சனம் அந்த மனுவை இன்னொரு முறை புரட்டிப் பார்த்தார்.

“இவங்க எழுதிக் கேட்டதால நாளைக்கு மறுபடி விசாரணை. இதுவும் கவுந்துச்சுன்னா, ஊருல என் பேச்சை ஒருத்தரும் நம்ப மாட்டாங்க.”

விண்ணரசி ஒரு வெள்ளைத்தாளைச் சுதர்சனத்தின் முன்னால் நகர்த்தினார்.

“நீங்களே எழுதுங்க. எழுதினதை அவங்களுக்குப் படிச்சுக் காட்டணும். ‘நான் சொன்னது இதுதான்’னு அவங்க வாயால வந்த பிறகுதான் கையெழுத்து. இங்க அதான் வழக்கம்.”

“இதை நீங்க நான் தளம் செஞ்சப்பவே சொல்லலையே?”

“நீங்க கேட்கவே இல்லையே, சார்.”

பஞ்சவர்ணம் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார்.

“‘ரேஷன் கடையில் நான் இழிவாக நடத்தப்படுகிறேன்.’”

“அப்படியா சொன்னேன்? கடைக்காரரு எல்லார் பையையும் கையில வாங்குறாரு. என் பையை மட்டும் தரையில வைக்கச் சொல்லி மேலருந்து கொட்டுறாரு. அதைத்தானே சொன்னேன்?”

அடித்துவிட்டு எழுதினார். மறுபடி படித்தார்.

“‘சிதறிய அரிசியைப் பரிதாபமாகப் பொறுக்கினேன்.’”

“பரிதாபம் எங்கருந்து வந்துச்சு? ஒவ்வொண்ணா பொறுக்குனேன். கடைசி அரிசியை எடுக்குற வரைக்கும் வரிசையை நகரவிடல.”

சுதர்சனம் தலை நிமிர்ந்து அந்த முகத்தைப் பார்த்தார். திரும்பவும் அடித்தார், எழுதினார், படித்தார்.

“‘இதனால் எனக்குப் பெரும் அவமானம் ஏற்பட்டது.’”

பஞ்சவர்ணம் கொஞ்சம் யோசித்தார்.

“அவமானம் எனக்கில்ல சார். கொட்டுனவருக்கு. அதை எடுத்துருங்க.”

பேனா நின்றுவிட்டது. முப்பது வருடமாக வாசகம் விற்ற மனிதர் அவர். இப்படி ஒரு வரி ஒருநாளும் அவருக்கு வாய்த்ததில்லை. கண்ணில் நீர் கோத்துக்கொண்டதை மறைக்கவும் தோன்றவில்லை.

நான்காவது முறை அவர் எழுந்து நின்று படித்தார். யாரும் நிற்கச் சொல்லவில்லை.

பஞ்சவர்ணம் கண்ணை மூடிக் கேட்டார். கீழே டயர் கடையில் யாரோ இரும்பைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

“இதுதான். நான் சொன்னது இதுதான்.”

தன் பெயரின் ஏழு எழுத்தையும் ஒவ்வொன்றாக எழுதிக் கையெழுத்திட்டார்.

“ஏதோ வாசகம் கேட்டீங்களே, சார்?” என்றார் விண்ணரசி.

சுதர்சனம் மடிக்கணினியின் முன்னால் உட்கார்ந்தார். முகப்பில் இருந்த அழுத முகத்தின் படம் போயிற்று. பட்டியல் போயிற்று. விருதுச் சின்னம் போயிற்று. புதிதாக எழுதிவைத்திருந்த ‘குரலற்றோரின் குரல்’ என்ற வரியும் போயிற்று. ஒரு வெற்றுக் கட்டம் மிஞ்சியது. அதற்கு மேலே ஒரு சொல்லைத் தட்டச்சு செய்து திரையைத் திருப்பினார்.

புறப்பட எழுந்த பஞ்சவர்ணம் அதை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

“சொல்… லுங்க.”

பிறகு பையைத் தூக்கி மேசைமேல் வைத்துவிட்டு, திரும்ப உட்கார்ந்தார்.

“இன்னொண்ணு இருக்கு சார். இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல.”