பல்லிக்குக் காத்திருந்த வக்கீல்

அறுபது வருஷம் ஆகிவிட்டது. கருவேலம்பாடி அரண்மனையில் அந்தப் பல்லி போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. மூன்று தரம் சொல்லும். பிறகு அந்தக் கூடத்தில் யாரும் மூச்சு விடமாட்டார்கள்.

அப்போது நான் ராஜா வீரபூபதிக்குப் பத்திரிகை படித்துக் காட்டும் உத்தியோகத்தில் இருந்தேன். ஜமீனில் பி.ஏ. படித்த ஒரே பெண். அந்தப் பெருமை எனக்கு இருந்த அளவுக்கு அங்கே வேறு யாருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை.

ராஜாவுக்கு அறுபத்தெட்டு வயது. பிள்ளை இல்லை. கணவனை இழந்த தங்கை தங்கநாச்சியார் கிழக்கு மாளிகையில் இருந்தாள். ராஜா உயில் எழுதாமல் கண்ணை மூடினால் மாளிகை பங்காளிகளுக்குப் போகும். அவள் தெருவுக்குப் போவாள். பங்காளிகள் ஏற்கெனவே ஒருநாள் வந்து முற்றத்தைச் சங்கிலி பிடித்து அளந்துவிட்டார்கள்.

"நல்ல வக்கீலாக ஒருத்தரைப் பாரு, பி.ஏ.," என்றார் ராஜா. "ஒரே நிபந்தனை. அவர் பேசும்போது பல்லி சொல்லக் கூடாது."

பேச்சுக்கு நடுவே பல்லி சொன்னால் பேசியது பலிக்கும் என்பது அவர் நம்பிக்கை. உயில் பேச்சோ சாவுப் பேச்சு.

உள்ளூர் வக்கீல் யாரும் என் கண்ணில் படவில்லை. சென்னைக்கு இங்கிலீஷில் நாலு பக்கம் கடிதம் எழுதினேன். அதில் இரண்டு பக்கம் சூரிய அஸ்தமன வர்ணனை. பாரிஸ்டர் வந்தார். "மகாராஜாவின் மறைவுக்குப் பிறகு," என்று ஆரம்பித்தார். பல்லி சொன்னது. மத்தியான ரயிலில் திரும்பிவிட்டார்.

அடுத்தவரை எச்சரித்தே அழைத்து வந்தேன். அவர் "தங்கள் காலத்துக்குப் பின்," என்றார். பல்லிக்கு அதுவும் புரிந்தது.

மூன்றாமவரைத் தேடுவதற்கு முன் நானே துடைப்பத்தோடு ஏணியில் ஏறினேன். கொஞ்ச நேரத்தில் பல்லி உத்தரத்தில் இருந்தது. நான் தரையில் இருந்தேன், கணுக்கால் பிசகி.

கட்டுப் போட வந்த டாக்டர் கேட்டார்: "சந்தைப்பேட்டை சிதம்பரநாதம் பிள்ளையைக் கேட்டீர்களா?"

"அவர் வாய்க்கால் வழக்கு வக்கீல் ஆயிற்றே."

"ஒரு வாய்க்கால் வழக்குக்குப் பதினாலு வருஷம் நடந்தவர் அம்மா. காத்திருக்கத் தெரியும்."

மறுநாள் காலையில் பிள்ளை வந்தார். முழங்கை வெளுத்த கறுப்புக் கோட்டு. விஷயத்தை எல்லாம் கேட்டுக்கொண்டார். அண்ணாந்து உத்தரத்தைப் பார்த்தார்.

"மகாராஜா நூறு வயசு இருப்பார்," என்றார். பிறகு பேசவில்லை.

மோர் வாங்கிக் குடித்தார். கால்மணி கழித்து அதே வாக்கியம். இன்னொரு கால்மணி, இன்னொரு தரம். இதற்கா இவரைக் கூட்டி வந்தாய் என்பதுபோல ராஜா என்னைப் பார்த்தார். நான் என் கணுக்காலைப் பார்த்தேன்.

பதினோராவது தரம் அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் பல்லி சொன்னது.

ராஜா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "கேட்டாயா, பி.ஏ.?"

"கேட்டேன், மகாராஜா."

"மற்றவர்கள் பல்லி எப்போது வாய் திறக்குமோ என்று பயந்தார்கள்," என்றார் பிள்ளை. "நான் அதற்கு ஏற்ற வாக்கியத்தோடு உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். இனிப் பயமில்லாமல் உயிலை எழுதலாம்."

ராஜா சாவகாசமாகச் சாய்ந்துகொண்டார். "என்ன ஐயா அவசரம்? நூறுக்கு இன்னும் முப்பத்திரண்டு வருஷம் கிடக்கிறது. தொண்ணூற்றொன்பதில் வாரும்."

தூணுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டிருந்த தங்கநாச்சியாரின் விசிறி நின்றுவிட்டது.

பிள்ளை மேல்துண்டை மடித்துத் தோளில் போட்டார். "உத்தரவு, மகாராஜா. ஆனால் பல்லி தங்களைப் பற்றித்தான் சொல்லிற்று. எனக்கு ஐம்பத்தெட்டு ஆகிறது. என்னைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லையே. அதற்குள் நான் போய்விட்டால், இந்த அம்மா மறுபடியும் சென்னைக்குக் கடிதம் எழுதுவார்."

ராஜா கண்ணில் நீர் வரச் சிரித்தார். "வேண்டாம் ஐயா, வேண்டாம். பேனாவைக் கொடும்."

அன்றே உயில் எழுதிக் கையெழுத்தாயிற்று. டாக்டரும் நானும் சாட்சி. பிள்ளைக்குச் சரிகைச் சால்வை கிடைத்தது. எனக்கு ராஜா அந்த ஏணியைப் பரிசளித்தார்.

ராஜா அந்த வருஷ ஐப்பசியிலேயே காலமானார். தங்கநாச்சியார் கிழக்கு மாளிகையிலேயே இருபத்தேழு வருஷம் இருந்தாள்.