குப்பைக்கூடையிலிருந்து எடுத்த கேபிள்

மருத்துவமனைக் கணினிகளைச் செப்பனிடுவதில் பூங்கோதைக்கு நிகரானவர் அந்நகரில் இல்லை. அவரிடம் வேலை கற்க வந்த வேதநாயகம் அவரைவிடப் பதினெட்டு வயது மூத்தவர். ஆயினும் அவரைக் குருவாகவே மதித்தார்.

ஒரு நாள் இரத்தப் பரிசோதனைக் கூடத்துக் கணினி, வார்டுக்கு அறிக்கை அனுப்பும்போதெல்லாம் பாதியில் உறைந்து நின்றது. வேதநாயகம் நெட்வொர்க் கேபிளை மாற்றினார். கையோடு ரேம் எனும் நினைவகப் பட்டையையும் மாற்றினார். கணினி ஓடியது.

"கேபிள்தான் கோளாறுன்னு நான் அப்பவே சொன்னேன்" என்றார் பார்த்துக்கொண்டிருந்த மருத்துவமனை நிர்வாகி. "அந்தக் கேபிளைப் பதிச்ச நம்ம எலக்ட்ரீஷியன் சேவியரை இன்னையோட வேலையை விட்டு நிறுத்திடுறேன்." கடிதம் எழுதத் தம் அறைக்குப் போனார்.

அவர் சொன்னதைக் கேட்டபடியே பூங்கோதை உள்ளே வந்தார்.

"எதுல கோளாறு, அண்ணே?"

"கேபிள், ரேம் ரெண்டையும் மாத்தினேன் மேடம். ஓடுது."

"எதுல கோளாறுன்னு கேட்டேன்."

"காய்ச்சல் விட்டப்புறம் எந்த மாத்திரையில விட்டுச்சுன்னு யாராவது கேட்பாங்களா?"

பூங்கோதை குப்பைக்கூடையிலிருந்து பழைய கேபிளை எடுத்து மாட்டினார். பத்து அறிக்கைகள் அனுப்பினார். பத்தும் போய்ச் சேர்ந்தன. பிறகு கணினியை அணைத்துப் பழைய ரேமைச் செருகினார். மூன்றாவது அறிக்கையில் கணினி உறைந்தது.

"ஓடினதை நிறுத்திட்டீங்களே" என்றார் வேதநாயகம்.

பூங்கோதை ரேமைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். அதன் பொன்னிற முனைகளில் ஒரு விரல்தடம் கறுத்துப் படிந்திருந்தது. பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்துத் துடைத்து, மீண்டும் செருகினார். இருபது அறிக்கைகள் தடையின்றிச் சென்றன.

"இந்த ரேமைப் போட்டது யாரு மேடம்?"

"நான்தான். போன ஆடியில. அவசரத்துல முனையைத் தொட்டிருக்கேன்."

வேதநாயகம் குரலைத் தாழ்த்தினார். "நமக்குள்ளயே இருக்கட்டும். இந்த ஆஸ்பத்திரி வேலையே போயிடும்."

பூங்கோதை நிர்வாகியின் அறைக்குள் சென்றார். கதவு திறந்தே இருந்தது. பிழை தம்முடையது என்று அவர் சொல்வதும், கடிதம் கிழிபடுவதும், அடுத்த மாதம் முதல் கணினி வேலைக்கு வேறு ஆள் வருவார் என்று நிர்வாகி சொல்வதும் வெளியே கேட்டன.

திரும்பி வந்தவரின் பையை வேதநாயகம் வாங்கிக்கொண்டார்.

"கம்ப்யூட்டர் நான் மாத்தினப்பவே ஓடிடுச்சு. எதுக்கு மேடம் மறுபடி பழுதாக்கினீங்க?"

"ரெண்டைத்தான் மாத்தினதா நினைச்சீங்க, அண்ணே. மூணாவதா சேவியரும் மாறியிருப்பார். அவரைப் பழைய இடத்துல வைக்கணும்ல?"