தொட்டியை நடக்க வைத்த ஊர்

மலை உச்சியில் காத்தாடிமேடு என்று ஓர் ஊர். அங்கே மூளைக்குப் பஞ்சமில்லை. செலவழிக்கத்தான் யாருக்கும் மனசு வராது. மார்கழி பிறந்தால் விடியலில் புல்லெல்லாம் உறைபனி. மாடுகளின் தண்ணீர்த் தொட்டியும் கண்ணாடி மாதிரி இறுகிக் கிடக்கும்.

இந்த மார்கழியில் அதிகம் தவித்தவன் சடையாண்டி. அவனுடைய செவலைப் பசு கன்று ஈன்று ஒரு வாரந்தான். தொட்டியிலிருந்த ஐஸை ஒரு நக்கு நக்கிவிட்டு அவனை முறைக்கும். பால் வற்றிக்கொண்டே வந்தது. கன்று எலும்பும் தோலுமாக நின்றது.

அந்தப் பக்கம் வந்த கால்நடை டாக்டரிடம் அழாத குறையாகச் சொன்னான். அவர் ஜீப்பை விட்டு இறங்காமலே இரண்டு வழி சொன்னார். தொட்டிக்குக் கம்பளி போர்த்த வேண்டும். தண்ணீர் அசைந்துகொண்டே இருந்தால் உறையாது.

ஊர்த்தலைவர் மாசிலாமணி உடனே கூட்டம் போட்டார். போர்த்துவதென்றால் கழுத்துவரையா, தலையோடா என்று மதியம்வரை விவாதம் நடந்தது. தலையோடு மூடினால் தண்ணீருக்கு மூச்சு முட்டும் என்று தலைவர் தீர்ப்புச் சொன்னார். சடையாண்டி தன்னிடமிருந்த ஒரே கம்பளியைத் தொட்டியைச் சுற்றிக் கட்டி, மேலே திறந்து விட்டான். காலையில் தொட்டி உறைந்திருந்தது. சடையாண்டியும் கிட்டத்தட்ட அப்படித்தான்.

அடுத்து, அசைக்கும் வழி.

"தொட்டிக்குக் கால் இல்லையே தலைவரே," என்றார் அங்குராசு. ஊரில் யோசிக்கிறவர் என்று பெயர் வாங்கியவர் அவர்.

"வண்டிக்கும்தான் கால் இல்ல. அது ஊர் ஊராப் போகலியா?"

தொட்டியை வண்டியில் ஏற்றி நிரப்பினார்கள். காளைகளெல்லாம் பூண்டு மூட்டையோடு சந்தைக்குப் போயிருந்தன. எந்த மாட்டுக்குத் தண்ணீரோ அதுவே இழுக்கட்டும் என்று முடிவானது. செவலை விடிய விடியத் தன் தண்ணீரைத் தானே இழுத்துக்கொண்டு ஊரைச் சுற்றியது. ஒரு வாய் குடிக்கலாமென்று அது கழுத்தைத் திருப்பும்போதெல்லாம், "நிக்காதடி, உறைஞ்சிடும்" என்று சடையாண்டி கெஞ்சி ஓட்டினான்.

காலையில் தலைவர் எட்டிப் பார்த்தார். மேடு பள்ளத்தில் சிந்தியது போக, தொட்டியில் ஒரு சொட்டு மிச்சமில்லை.

"பாத்துக்குங்க. பொட்டு ஐஸ் இல்ல," என்றார்.

ஊரே கைதட்டியது. டாக்டருக்காகக் கட்டி வைத்திருந்த மாலையைத் தலைவர் தானே எடுத்துப் போட்டுக்கொண்டார். கைதட்டலில் மிரண்ட செவலை, கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது.

சடையாண்டி துரத்திப் போனான். ஊர்க்கோடி ஓடையில் நின்று அது வயிறு முட்டக் குடித்துக்கொண்டிருந்தது. அந்த ஓடை எந்த மார்கழியிலும் நின்றதில்லை என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். தலைவர் மாலையும் கழுத்துமாக மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்.

"குடிச்சிடுச்சுங்க," என்றான் சடையாண்டி. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"குடிக்கட்டும்டா. அங்க வண்டி சும்மா நிக்குதே, தொட்டி உறைஞ்சா யாரு பதில் சொல்றது?"

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. சடையாண்டி திரும்பி ஓடி, நுகத்தடிக்குத் தன் தோளைக் கொடுத்தான்.

செவலை இப்போது தினமும் ஓடைக்குப் போய் வருகிறது. கன்று கொழுகொழுவென்று ஆகிவிட்டது. சடையாண்டி மட்டும் காலித் தொட்டியோடு ஊரைச் சுற்றி வருகிறான். இன்றுவரை அது ஒருமுறைகூட உறைந்ததில்லை.